கட்டைமேல் இருப்பது குமிழா, மொக்கா, புள்ளியா?

ஈரோடு, ஆசிரியை:
அன்பர்களுக்கு வணக்கம். கோடை முகாமில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ஒரு பழைய மின்சார எஞ்சின் செய்யப் போகிறார்கள். 1919 முதல் 1922 வரை சுவிட்சர்லாந்தில் கட்டப்பட்டு, கோட்ஹார்ட் மலைப்பாதையில் சரக்கு இழுத்த, 'முதலை' என்று பட்டப்பெயர் பெற்ற எஞ்சின் அது. கையேட்டை வியாழக்கிழமை அச்சகத்துக்குத் தர வேண்டும். கட்டையின் தலையில் வரிசையாக நிற்கும் குட்டை உருளைகளுக்கு என்ன பெயர் வைப்பது? ஆங்கிலத்தில் ஸ்டட். பழைய பாணி என்பதால் அவற்றை மூடாமல் வெளியே தெரிய விடுகிறோம். பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வருகிறது.

கோவை, வார்ப்படத் தொழில்:
ஸ்டட் என்று மட்டும் அச்சடித்துவிடாதீர்கள், அம்மணி. எங்கள் பட்டறைகளில் ஸ்டட் என்றால் இரு முனையிலும் மரை வெட்டிய, தலையில்லாத போல்ட். பம்ப் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை ஸ்பேனரைத் தேடி எழுந்து போவான். குமிழ் போதும்.

கோபி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
குமிழ் தவறில்லை. மிதியடியில் விரலிடுக்கில் பிடிக்கும் குமிழ் உண்டு; அழகிய மூக்குக்குக் குமிழம்பூவை உவமை சொன்னார்கள். ஆனால் குமிழி என்றாலே உடைவது. இங்கே கட்டையை இறுகப் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்' (குறள் 1274) என்பதை நினையுங்கள். மொக்கு என்று நம் பக்கத்துப் பூக்காரரும் சொல்வார். மொக்கு, முகை, முகிழ், முனை, மூக்கு எல்லாம் முன்னே துருத்துதல் என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம். முதலையும் மூக்கை நீட்டிக்கொண்டுதானே கிடக்கிறது? இன்னொன்று: கட்டை மரத்துக்கு உரியது. அகநானூறு 'இட்டிகை நெடுஞ்சுவர்' என்கிறதே, அதை எடுத்தால் என்ன?

சேலம்:
ஐயா, மொக்குளுக்கும் நீர்க்குமிழி என்ற பொருள் உண்டு. குமிழ் உடையும் என்றால் மொக்கும் உடையும். இட்டிகையோ வடமொழி 'இஷ்டிகா'. தனித்தமிழ் பேசும் தாங்களே அதைக் கொண்டுவரலாமா?

கோபி:
'இடு' என்னும் வினையடியாகப் பிறந்தது இட்டிகை. இட்டு அடுக்குவதால் இட்டிகை. வடவர் நம்மிடமிருந்து பெற்றனர் என்பது என் கட்சி. இதில் நான் இறங்கிவரமாட்டேன்.

கோவை:
இட்டிகையும் வேண்டாம், செங்கல்லும் வேண்டாம். முகாமில் கட்டுவது பச்சை எஞ்சின். பச்சைச் செங்கல் என்று எழுதினால் இன்னும் சூளைக்குப் போகாத கல் என்றுதான் இங்கே எவரும் படிப்பார். கட்டையே இருக்கட்டும்.

சேலம்:
அது கிடக்கட்டும். ஈரோட்டு லோகோ ஷெட்டில் நம் ரயில்வேயின் வாப்-4 மின்சார எஞ்சின் நிற்கும்போது சுவிஸ் முதலை எதற்கு?

மேட்டுப்பாளையம்:
வாப்-4 அருமையான எஞ்சின், மறுக்கவில்லை. ஆனால் அதன் மோட்டார்கள் அடியில் சக்கரங்களுக்கிடையே ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றும் புலப்படாது. முதலைக்கு மோட்டார் மூக்கினுள். அங்கிருந்து பற்சக்கரம், பிறகு நீராவி எஞ்சினில்போல் வெளியே ஓடும் தண்டுகள். மொத்தம் எட்டு அச்சு, அதில் உந்துபவை ஆறு. 'Ce 6/8' என்ற அதன் வகைப்பெயரிலுள்ள 6/8 அதுதான். உடல் மூன்று துண்டாக மடங்குவதால் வளைவில் திரும்பும். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள்: இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால், தண்டும் சக்கர மையமும் நேர்க்கோட்டுக்கு வரும்போது சிக்கி நின்றுவிடும். பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். முதலையைக் கட்டிய சுவிஸ் நகரமான விண்டர்தூரின் தொழிற்சாலைதான் எங்கள் நீலகிரி மலை ரயிலின் பழைய பல்சக்கர எஞ்சின்களையும் கட்டியது. ஆகவே அது நமக்கு அந்நியமில்லை.

திருப்பூர்:
தலைப்புக்குத் திரும்புவோமா? பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறது: புள்ளி. கோலத்தில் நான்கு புள்ளி இரண்டு வரிசை என்போம். கட்டையும் அப்படித்தான் அளக்கப்படுகிறது. சொல்லைப் புதிதாகக் கற்பிக்கவே வேண்டாம்.

கோபி:
'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்றார் தொல்காப்பியர். புள்ளி எழுத்தின் தலையில் நிற்பது. கட்டையின் தலையிலும் நிற்கிறது. மொக்கு இல்லையென்றால் இதற்கு என் வாக்கு.

ஈரோடு:
புள்ளி எனக்கும் பிடித்தது, எழுதியும் பார்த்தேன். கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தட்டை என்னும் மெல்லிய கட்டையின் உயரம் 3.2 மி.மீ. மூன்று தட்டை அடுக்கினால் ஒரு கட்டை. இதை வாய்விட்டுப் படியுங்கள்: 'ஒன்பது புள்ளி ஆறு.' உடனே ஒரு பையன் ஒன்பது புள்ளி உள்ள கட்டையைத் தேடுவான். குமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. குமிழிடை 8 மி.மீ., பக்கக்குமிழ், எட்டுக்குமிழ்க் கட்டை என்று ஒட்டவும் செய்கிறது. ஐவர் குமிழுக்குச் சரி என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். குமிழ் என்றே போடுகிறேன்.

திருப்பூர்:
போடுங்கள். எங்கள் முகாமில் புள்ளிதான்.

கோவை:
கட்டையின் அடிப்பக்கக் குழாய்க்கு என்ன வைத்தீர்கள்? லெகோ நிறுவனத்தின் 1958 காப்புரிமையின் உயிரே அதுதான். அது வந்த பிறகுதான் கட்டைகள் உறுதியாகப் பிடித்தன.

கோபி:
குழாய் என்று எழுதிவிடாதீர்கள். தூம்பு இருக்கிறது. ஏரித்தூம்பிலிருந்து தொடங்கி, இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.

ஈரோடு:
ஐயா, குழாய் நேற்றே அச்சாகிவிட்டது.