பழைய லேசர் பிரிண்டரா, புதியதா? ஆலோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்குக் கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒன்று தேவை. மாதம் 200 பக்கம் போனாலே அதிகம். சில வாரம் தொடக்கூட மாட்டேன். மை காய்ந்து அடைத்துக்கொள்ளும் தொல்லை வேண்டாம் என்றுதான் இங்க்ஜெட் பக்கம் போகவில்லை.

பழைய எச்பி லேசர்ஜெட் 1020 ஒன்று தெரிந்தவரிடம் இருக்கிறது. அதன் 12ஏ டோனர் (மைத்தூள் கார்ட்ரிட்ஜ்) சுமார் 2000 பக்கம் வரும். கார்ட்ரிட்ஜை அடையாளம் காணும் சிப் கிடையாது, மைத்தூளைத் தாளில் பதிக்கும் உருளையான டிரம்மும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது, ரீஃபில் செய்வதும் சுலபம். ஆனால் யுஎஸ்பி மட்டும்தான், இரண்டு பக்கமும் தானாக அச்சடிக்காது. கணினியின் டிரைவரை நம்பியே ஓடும் பிரிண்டர் என்பதால், நாளைக்கு ஓஎஸ் மாற்றினால் என்ன ஆகுமோ!

பேப்பர் இழுக்கும் ரோலர் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மைத்தூளைச் சூட்டில் தாளோடு ஒட்டவைக்கும் ஃப்யூசர்தான் பயம். முன்பு வேறொரு பழைய பிரிண்டரில், அச்சாகி வந்த தாளை விரலால் தேய்த்தாலே எழுத்து கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

புதியது என்றால் வைஃபை, டூப்ளெக்ஸ் (தானாக இருபக்க அச்சு) எல்லாம் சரி. பெட்டியோடு வரும் டோனர் பாதிகூட நிரம்பியிருக்காது என்கிறார்கள். அப்புறம் சிப், வேறு கம்பெனி டோனரை ஏற்க மறுக்கவைக்கும் ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்... விலையைவிட இதுதான் யோசிக்க வைக்கிறது. பிரதர் கம்பெனி பிரிண்டர் மாதிரி டிரம் தனி, டோனர் தனி என்று வருபவை நீண்ட நாளில் மிச்சமா?

பழையதை வாங்குமுன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? மொத்தப் பக்க எண்ணிக்கை எவ்வளவு தாண்டினால் விட்டுவிடலாம்? பல வருடம் வைத்திருப்பவர்கள் மாடல் பெயரோடு சொன்னால் நல்லது.