கிரான்ஸ்: விளிம்பு மாலையா, விளிம்புப் பூணா?

> பழைய ஜெர்மன் பாஸ் டிராம்போனில் (குழாயை இழுத்துச் சுரம் மாற்றும் பித்தளை ஊதுகருவி) பெல்லின், அதாவது விரிந்த முன்முனையின், வாயைச் சுற்றியுள்ள 'கிரான்ஸ்' பட்டைக்கு 'விளிம்பு மாலை' எனலாமா?

அன்பின் கலைச்சொல் குழுவினருக்கு,

ஜெர்மன் மொழியில் கிரான்ஸ் என்றால் மலர்வளையம்தான். ஆனாலும் 'மாலை' வேண்டாம். மாலையைக் கழற்றினால் எதுவும் கெடாது. இந்தப் பட்டையைக் கழற்றினால் ஒலியே மாறிவிடும். பெல்லுக்கு நாதசுரக்காரர்களின் 'அணைசு' இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். அணைசின் தகடு அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பலத்து ஊதினால் விளிம்பு படபடத்து ஒலி தகரச் சத்தமாகச் சிதறும். அதை அடக்கத்தான் சில சென்டிமீட்டர் அகலத்தில் வெளிப்புறம் ஒரு பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டு நியூரம்பெர்க் கொல்லர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் பொறித்த இடமும் இதுவே. 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக், எர்ஃபுர்ட் பட்டறைகள் பித்தளை அணைசுக்கு ஜெர்மன் சில்வர் பட்டை போட்டன. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த அந்த உலோகம் பித்தளையைவிட விறைப்பானது.

உலக்கை நுனி பிளக்காமல் காக்கும் வளையத்துக்கு நம்மிடம் பூண் என்ற சொல் உண்டு. வேலையும் ஏறக்குறைய அதுதான். என் பரிந்துரை: 'விளிம்புப் பூண்'.

பழுதுபார்ப்பவர் வாயிலும் இது இயல்பாக வரும். பூண் தளர்ந்தால் குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டும் ரீங்காரம் கேட்கும். வேறொருவரை ஊதச்சொல்லி விளிம்பை விரலால் அங்கங்கே அழுத்திப் பார்க்க வேண்டும். சத்தம் நிற்கும் இடமே விட்டுப்போன இடம். இடுக்கில் பச்சைக் களிம்பு இருந்தால் உலோகத்தை இணைக்கும் பற்று ஒட்டாது, முதலில் அதை நீக்க வேண்டும். பிறகு சுமார் 190 பாகை செல்சியஸில் உருகும் ஈயப்பற்று போதும். வெள்ளிப்பற்று வைக்கவே கூடாது: அதற்கு 600 பாகைக்கு மேல் சூடு வேண்டும், அடித்து முறுக்கேற்றிய பித்தளை இளகி அணைசு விறைப்பை இழந்துவிடும். அதை மீட்பது பெரும்பாடு.

---

மறுமொழி:

விளிம்புப் பூணுக்கு என் முழுச் சம்மதம். குழாய் வளைவுகளில் ஒட்டியிருக்கும் பாம்பு உருவங்களை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அவை எதையும் சுற்றி இறுக்குவதில்லை. அடியையும் தேய்மானத்தையும் தாங்குபவை. 'பாம்புத் தகடு' போதும்.

நம் சொற்பட்டியலில் 'குவார்ட்வென்டில்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு 'நான்காம் வால்வு' என்று இருப்பதைத்தான் உடனே மாற்ற வேண்டும். படிப்பவர் மற்ற மூன்றைத் தேடுவார். 1839இல் லைப்சிக்கின் கருவி செய்பவர் சாட்லர் டிராம்போனில் சேர்த்தது ஒரே ஒரு வால்வு. 'குவார்ட்' குறிப்பது சுர இடைவெளியை. அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் கூடுதல் குழாய் சேர்ந்து 2.7 மீட்டர்க் குழாய் 3.6 மீட்டராகி, பி ஃபிளாட் சுருதி கீழே எஃப்புக்கு இறங்கும். பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்தால் எஃப் மந்திர பஞ்சமம். ஆகவே 'கீழ்ப்பஞ்சம வால்வு'.

விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்: குழாய் மூன்றில் ஒரு பங்கு நீள்வதால் இழுப்பின் (கையால் நகர்த்தும் குழாயின்) ஒவ்வொரு நிலையும் அதே விகிதத்தில் அகலும். முதல் அரைச்சுரத்துக்கு 8 சென்டிமீட்டர் இழுத்த கை இப்போது ஏறத்தாழ 11 இழுக்க வேண்டும். ஏழு நிலைகள் இருந்த இடத்தில் ஆறுதான் அடங்கும். ஏழாம் நிலை இல்லாததால், பெடல் பி ஃபிளாட்டுக்கு (வால்வு இல்லாத குழாயின் அடிப்படைச் சுரம்) அடுத்து மேலுள்ள பி சுரம் கிடைக்காது. அது தேவைப்படும்போது வால்வுக் குழாயின் சுருதி இழுப்பை வெளியே இழுத்து எஃப்பிலிருந்து ஈ-க்கு இறக்குவார்கள். இந்த உறுப்புக்கு இன்னும் சொல் வைக்கவில்லை. 'ஈ இழுப்பு' என்று முன்மொழிகிறேன், மறுப்பிருந்தால் எழுதுங்கள்.