பழக்கமில்லாத வழித்தடத்திற்கு மாற்றாக அனுப்பிவிட்டு, வழக்கமான ஓட்டுநரின் இலக்கையே கேட்பது முறையா?

மாற்று ஓட்டுநர் (கேள்வி)

பார்சல் டெலிவரி நிறுவனம் ஒன்றில் வேன் ஓட்டுகிறேன். எனக்கென்று நிரந்தர வழித்தடம் கிடையாது. விடுப்பில் சென்றவர், உடல்நலம் குன்றியவர், வேலையை விட்டு விலகியவர் ஆகியோரின் வழித்தடங்களுக்கு மாற்றாக என்னை அனுப்புகிறார்கள். எந்தப் பகுதிக்குப் போகப் போகிறேன் என்பது பெரும்பாலும் காலையில் லோடு ஏற்றும்போதுதான் தெரியவரும்.

அந்த வழித்தடத்தில் பல ஆண்டுகளாக ஓடுபவருக்குக் கொடுக்கும் அதே எண்ணிக்கையிலான பார்சல்களை, அதே நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்று எனக்கும் கொடுக்கிறார்கள். வண்டி ஓட்டுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எந்தக் கட்டடத்திற்கு எந்தப் பக்கம் வாசல், எங்கே வண்டியை நிறுத்தலாம், எந்த அலுவலகத்தில் மதியத்திற்குப் பிறகு பார்சல் வாங்க ஆள் இருக்காது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? முற்பகலிலேயே செயலி நான் பின்தங்கியிருப்பதாகச் சிவப்பில் காட்டத் தொடங்கிவிடுகிறது. அதைப் பார்த்து மேற்பார்வையாளர் அழைக்கிறார். அந்த அழைப்பை எடுப்பதிலேயே இன்னும் கொஞ்ச நேரம் போகிறது. மாலையில் திருப்பிக் கொண்டுவரும் பார்சல்கள் அனைத்தும் என் பெயரில் தோல்வியாகப் பதிவாகின்றன. மாத இறுதி மதிப்பெண்ணில் நிரந்தர வழித்தடக்காரர்கள் எல்லோரும் என்னைவிட மேலே நிற்கிறார்கள்.

புதிய வழித்தடத்தில் குறைவான இலக்கைக் கேட்பது நியாயமான கோரிக்கையா, அல்லது அது என் திறமைக் குறைவாகப் பார்க்கப்படுமா? கேட்பதானால் எப்படிக் கேட்பது? அன்றன்றைக்குத் தப்பிப்பதற்கு ஏதேனும் வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பழைய வேன்காரர்

முதலில் உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். சாலையில் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. வேனை நிறுத்தியது முதல் மீண்டும் கிளப்புவது வரையிலான இடைவெளியில்தான் அது கரைகிறது. லண்டன் நகர மையத்தில் பார்சல் வேன்களைப் பற்றி நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு சுற்றின் மொத்த நேரத்தில் பாதிக்கும் மேலாக வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது என்று தெரியவந்தது. ஓட்டுநர் அந்த நேரத்தில் நடக்கிறார், படியேறுகிறார், வாசலில் காத்திருக்கிறார். வழித்தடம் பழகியவரும் பழகாதவரும் வேறுபடுவது இங்கேதான். ஒரு நிறுத்தத்திற்கு ஒரே ஒரு நிமிடம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொண்டாலும், 100 நிறுத்தங்களுக்கு 1 மணி 40 நிமிடம் ஆகிவிடும். இவ்வளவு நேரத்தை வேகமாக ஓட்டி ஈடுசெய்ய யாராலும் முடியாது. ஆகவே அதற்கு முயல வேண்டாம்.

அன்றன்றைக்குச் செய்யக்கூடியவற்றில் மிகுந்த பலன் தருவது, வழக்கமான ஓட்டுநரிடம் புறப்படும் முன் ஐந்து நிமிடம் பேசுவதுதான். விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்காதீர்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், ஏனென்றால் நீங்கள் விட்டுவிட்டு வரும் பார்சல் மறுநாள் அவர்கள் தலையில்தான் விழும். "எப்படிப் போவது" என்று பொதுவாகக் கேட்டால் உதவாது. வரைபடத்தில் குறி தவறாக இருக்கும் முகவரிகள் எவை, ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே பல வீடுகளை முடிக்கக்கூடிய இடங்கள் எவை, குறிப்பிட்ட நேரத்திற்குப் பிறகு போனால் பயனில்லாத முகவரிகள் எவை என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னவற்றை முதலில் முடித்துவிடுங்கள், செயலி வேறு வரிசை சொன்னாலும் சரி.

லோடு ஏற்றுவதை அடுத்தவரிடம் விடாதீர்கள். தெரியாத வழித்தடத்தில், வண்டிக்குள் பார்சலைத் தேடுவது அடுத்தவர் வீட்டு அடுக்களையில் உப்பு டப்பாவைத் தேடுவது போலாகிவிடும். பகுதிவாரியாகப் பிரித்து, பார்சலின் மேல் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதிவையுங்கள். காலையில் இருபது நிமிடம் போகும். மாலைக்குள் அது திரும்பி வந்துவிடும்.

டிப்போவில் மூத்தவன்

எல்லோரும் ஒருநாள் புதியவர்களாகத்தான் இருந்தோம். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் எந்த வழித்தடமும் பழகிவிடும். வந்தவுடன் இலக்கைக் குறைக்கச் சொன்னால் வேலை செய்ய மனமில்லாதவர் என்ற பெயர்தான் கிடைக்கும்.

வழித்திட்டப் பிரிவு

மேலே எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவர் ஒரே வழித்தடத்தில் இரண்டு வாரம் இருப்பவராக இருந்தால் உங்கள் அறிவுரை பொருந்தும். அவரோ, ஒரு வழித்தடம் பழகத் தொடங்கும்போதே அடுத்த வழித்தடத்திற்கு மாற்றப்படுகிறார். அவருடைய வேலையில் முதல் நாள் முடிவதே இல்லை.

நான் திட்டமிடும் மேசையின் இந்தப் பக்கம் இருப்பவன் என்பதால், இலக்கு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் எப்படிக் கேட்பது என்பதும் புரிந்துவிடும். மென்பொருள் இரண்டு வகை நேரங்களைக் கூட்டுகிறது. ஒன்று, நிறுத்தத்திலிருந்து நிறுத்தத்திற்கு ஓட்டும் நேரம். மற்றொன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் செலவாகும் நேரம். முதலாவது வரைபடத்திலிருந்து வருகிறது, ஆகவே எவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டாவது பல இடங்களில் அந்த முகவரிகளில் முன்பு பதிவான நேரங்களின் சராசரியிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் பதிவுகள் யாருடையவை? அந்த வழித்தடத்தில் ஆண்டுக்கணக்காக ஓடியவருடையவை. அதாவது, ஒருவர் பல ஆண்டுகளில் சேர்த்த அறிவை எண்ணாக்கி, அந்த அறிவு இல்லாத மற்றொருவருக்கு அளவுகோலாகக் கொடுக்கிறோம். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை. திட்டமிடுபவருக்கே இது பல சமயம் உறைப்பதில்லை, ஏனென்றால் திரையில் தெரிவது வழித்தடத்தின் எண் மட்டும்தான். ஓட்டப் போகிறவர் யார் என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகிறது.

இந்த அறிவின் மதிப்பைப் பெரிய நிறுவனங்களே ஒப்புக்கொண்டுள்ளன. அமேசான் நிறுவனமும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து மற்றும் சரக்கு ஆய்வு மையமும் சேர்ந்து 2021இல் ஒரு போட்டி நடத்தின. உண்மையில் ஓட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வழித்தடங்களின் தரவைக் கொடுத்து, அனுபவமுள்ள ஓட்டுநர் எந்த வரிசையில் போவார் என்பதைக் கணிக்கும் முறையை உருவாக்கச் சொன்னார்கள். மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிப்பது அங்கே நோக்கமாக இருக்கவில்லை. வெறும் 10 நிறுத்தங்களையே 36,28,800 வரிசைகளில் அடுக்கலாம். அவற்றுள் தூரம் குறைந்ததைத் தேடுவது கணினிக்கு எளிது. அப்படித் தேர்ந்த வரிசையை விட்டு நல்ல ஓட்டுநர்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு விடுகதையாக இருந்தது. எந்தச் சாலை எப்போது நெரிசலாகும், எங்கே நிறுத்த இடம் கிடைக்கும், வாடிக்கையாளர் எந்நேரம் இருப்பார் என்பவற்றைத் தெரிந்தே அவர்கள் விலகுகிறார்கள்.

ஆகவே உங்கள் கோரிக்கையை "என்னால் முடியவில்லை" என்று தொடங்காமல், "இந்த இலக்கு வேறொருவரின் பதிவிலிருந்து கணக்கிடப்பட்டது" என்று தொடங்குங்கள். ஸ்கேனரில் ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் நேரம் பதிவாகியிருக்கும். உங்களுடையதையும் நிரந்தர ஓட்டுநருடையதையும், ஓட்டிய நேரம் தனியாகவும் நின்ற நேரம் தனியாகவும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிய நேரம் ஏறத்தாழச் சமமாகவும் நின்ற நேரம் மட்டும் கூடுதலாகவும் இருந்தால், சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். அடுத்ததாக, கூடுதல் நேரம் கேட்காதீர்கள், குறைந்த நிறுத்தங்கள் கேளுங்கள். கூடுதல் நேரம் என்றால் உங்கள் வேலைநாள் நீளும், அவ்வளவுதான். பல திட்டமிடல் மென்பொருள்களில் ஓட்டுநர்வாரியாக நிறுத்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் கேட்காததால் யாரும் தொடுவதில்லை. மேலாளருக்குப் புரியும் கணக்கு இன்னொன்றும் உண்டு. திரும்பி வரும் ஒவ்வொரு பார்சலும் மறுநாள் மீண்டும் ஏற்றப்பட்டு, மீண்டும் அதே வாசலுக்குப் போகிறது. முதல் நாளே சில நிறுத்தங்களைப் பக்கத்து வழித்தடத்திற்கு மாற்றுவது அதைவிடச் செலவு குறைந்தது.

பழைய வேன்காரர் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும். செயலியின் வரிசையை மாற்றுவது சரியே, ஆனால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சில நிறுவனங்களில் வரிசை விலகலும் மதிப்பெண்ணில் கழிக்கப்படுகிறது. "இந்த அலுவலகங்களை முதலில் முடிக்கப் போகிறேன்" என்று காலையிலேயே ஒரு வரி அனுப்பியிருந்தால், அது பிறகு விதிமீறலாகப் பேசப்படாது.

தொழிற்சங்க உறுப்பினர்

கேள்வியில் நடுவே வந்துபோன ஒரு வாக்கியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை: ஓட்டும்போது வரும் மேற்பார்வையாளரின் அழைப்பு. இருப்பதிலேயே ஆபத்தானது அதுதான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, இரண்டு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். அமெரிக்காவில் 100 கார்களில் கருவி பொருத்தி நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. இரண்டு நொடிக்கு மேல் சாலையிலிருந்து பார்வை விலகினால் விபத்து அபாயம் குறைந்தபட்சம் இரு மடங்காகிறது என்று அது கண்டது. தெரியாத பகுதியில் ஓட்டுபவர், வீட்டு எண்ணையும் தெருப் பலகையையும் திரையையும் தேடி ஏற்கெனவே பார்வையைப் பலமுறை விலக்குகிறார். அதற்குமேல் தொலைபேசியும் சேர்ந்தால் என்ன ஆகும்? வண்டி நின்றிருக்கும்போது மட்டுமே பேசுவேன் என்று உங்கள் மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதைத் தவறு என்று எழுத்தில் பதில் தர எந்த மேற்பார்வையாளரும் துணியமாட்டார்.

வேக அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் உலகில் இல்லாமல் இல்லை. சாலைப் போக்குவரத்து வேலைநேரம் பற்றிய 153ஆம் எண் உடன்படிக்கையை சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1979இல் நிறைவேற்றியது. இடைவேளையின்றித் தொடர்ந்து 4 மணி நேரத்திற்கு மேல் ஓட்டக்கூடாது; ஓட்டும் நேரம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணியைத் தாண்டக்கூடாது என்பது அதன் பொதுவிதி. ஆனால் அதை ஏற்று உறுதிசெய்த நாடுகள் மிகச் சிலவே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் ஒழுங்குமுறை இன்னும் நேரடியாகப் பேசுகிறது: சென்ற தூரம், டெலிவரியின் வேகம், ஏற்றிய சரக்கின் அளவு ஆகியவற்றோடு இணைத்து, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் ஊக்கத்தொகை தரக்கூடாது என்கிறது. இதில் "வேகம்" என்பது 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. பொதுவாக 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கே இந்த ஒழுங்குமுறை பொருந்தும் என்பதால், வேன் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். இந்தத் துறையில் பாதுகாப்பு எப்போதும் பெரிய வண்டிக்குத்தான் முதலில் வருகிறது.

நிறுவனங்கள் தாமாக மாறுவதும் உண்டு, ஆனால் விலை கொடுத்த பிறகுதான். டோமினோஸ் பீட்சா நிறுவனம், 30 நிமிடத்தில் டெலிவரி என்ற தன் உத்தரவாதத்தை அமெரிக்காவில் 1993 டிசம்பரில் கைவிட்டது. அதன் ஓட்டுநர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிச் சென்று மோதியதில் காயமடைந்த பெண்ணுக்குப் பெரும் இழப்பீடு தர வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்ததே அதற்குக் காரணம்.

உங்கள் பணி ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மாதச் சம்பளமா, பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கா, அல்லது உங்களைத் தனி ஒப்பந்ததாரராகக் காட்டியிருக்கிறார்களா? பார்சல் கணக்கில் ஊதியம் என்றால், குறைந்த நிறுத்தங்கள் கேட்பது குறைந்த வருமானத்தைக் கேட்பதாகிவிடும். அப்போது மாற்றுப் பணிக்கென்று நாளொன்றுக்கு உறுதியான அடிப்படைத் தொகையைக் கேட்க வேண்டும். வழித்திட்டப் பிரிவு நண்பரின் ஆலோசனை மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

மாற்று ஓட்டுநர்

அனைவருக்கும் நன்றி. எனக்கு மாதச் சம்பளமும், மதிப்பெண்ணைப் பொறுத்த ஊக்கத்தொகையும் உண்டு. நின்ற நேரத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை இந்த வாரமே கேட்கிறேன். ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. மேற்பார்வையாளர் எதையும் எழுத்தில் தருவதில்லை. "எப்படியாவது முடித்துவிட்டு வா" என்று தொலைபேசியில் சொல்வதோடு சரி. பிறகு ஏதேனும் நேர்ந்தால், "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் கைவிரித்துவிடலாம் அல்லவா?

தொழிற்சங்க உறுப்பினர்

அவர் எழுதித் தர வேண்டும் என்பதில்லை, நீங்கள் எழுதினால் போதும். அழைப்பு முடிந்ததும், வண்டி நின்றிருக்கும்போது, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இப்போது பேசியபடி, மீதமுள்ள நிறுத்தங்கள் இத்தனை. என் பணி இந்த மணிக்கு முடிகிறது. அதற்குள் இத்தனை முடியும். மீதியை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லவும்." இதற்குப் பதில் வந்தால் முடிவெடுக்கும் பொறுப்பு அவரிடம் போய்விடும், வராவிட்டாலும் நீங்கள் முன்கூட்டியே தெரிவித்ததற்கு நேரத்தோடு சான்று இருக்கும். பின்தங்கப் போகிறோம் என்று தெரிந்தவுடனேயே, நண்பகலுக்குள், இதை அனுப்பிவிடுங்கள். மாலையில் அனுப்பினால் உதவிக்கு வேறு வண்டியை அனுப்ப அவருக்கும் வழியிருக்காது. "முன்பே சொல்லியிருக்கலாமே" என்று அவர் கேட்பதிலும் அப்போது நியாயம் இருக்கும்.

பழைய வேன்காரர்

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு வழித்தடத்தை விட்டு வரும்போதும், அங்கே தெரிந்துகொண்டவற்றைத் தெருவாரியாக எழுதிவைத்து டிப்போவில் எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன், மாற்று ஓட்டுநர்களின் மதிப்பெண்ணைத் தனிப் பட்டியலில் போடச் சொல்லுங்கள். குறிப்பேடு இலவசமாகக் கிடைத்துவிட்டால், "இப்போதுதான் எல்லாம் தெரியுமே" என்று இலக்கை ஏற்றிவிடும் ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன்.