‘பிறவாமை வேண்டும்’ காரைக்கால் அம்மையார் பாடியதா?

கேள்வி:
வணக்கம். ‘பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்புண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும்’ என்பது காரைக்கால் அம்மையாரின் பாடல் என்றே சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் எங்கள் திருமுறை வகுப்பில் அம்மையாரைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதால், அவர் பாடிய அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களிலும் தேடிப் பார்த்தேன், அவ்வரி அகப்படவில்லை. அவருடைய மற்றொரு நூலான திருவிரட்டை மணிமாலையில் உள்ளதா?

மறுமொழி 1:
அதிலும் இல்லை, அம்மையார் திருவாலங்காட்டைப் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்களிலும் இல்லை. அது 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் வாக்கு. கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற அம்மையாரைச் சிவபெருமான் ‘அம்மையே’ என்றழைத்தபோது அவர் வேண்டியதாகச் சேக்கிழார் அமைத்த பாடல் அது. இறையருளால் அவர் மாங்கனி பெற்ற கதை, கணவன் பரமதத்தன், புனிதவதி என்னும் இயற்பெயர் ஆகியவற்றையும் நாம் பெரியபுராணத்தின் வழியாகவே அறிகிறோம். அம்மையார் தம் பாடல்களில் தம்மைக் ‘காரைக்காற்பேய்’ என்று சொல்லிக்கொள்கிறாரே தவிர, இல்லற வாழ்வைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

மறுமொழி 2:
வகுப்பில் அந்தாதியின் முதல் இரண்டு வெண்பாக்களையும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். பிறந்து மொழி பயின்ற நாள் முதலாக உன் சேவடியையே சேர்ந்தேன், என் இடரை எந்நாள் தீர்ப்பாய் என்று முதல் வெண்பா கேட்கிறது. ‘இடர்’ என்று முடிந்த அச்சொல்லையே எடுத்துக்கொண்டு, ‘இடர்களையாரேனும், எமக்கிரங்காரேனும்’ என்று தொடங்கும் அடுத்த வெண்பா, அப்படியிருந்தும் அவர்மேல் என் நெஞ்சின் அன்பு அறாது என்று முடிகிறது. கேட்ட கேள்விக்கு விடை வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. புராணத்தின் கனிவான வேண்டுதலைவிட இந்தப் பிடிவாதமே எனக்கு அம்மையாரின் குரலாகக் கேட்கிறது.

மறுமொழி 3:
முந்தைய நண்பர் சேக்கிழாரைச் சற்றுக் குறைத்துவிட்டார் என்று தோன்றுகிறது. அதே பாடலின் இறுதி வேண்டுதல், நீ ஆடும்போது உன் அடியின்கீழ் நான் மகிழ்ந்து பாடி இருக்க வேண்டும் என்பது. ‘கொங்கை திரங்கி’ என்று தொடங்கும் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேய் அலறித் திரியும் உலர்ந்த காட்டில், சடை எட்டுத் திசையும் வீச இறைவன் ஆடுவதை அம்மையாரே பாடியிருக்கிறார். அப்பதிகத்தைப் படித்து உருகிய ஒருவரால்தான் அந்த வேண்டுதலை எழுதியிருக்க முடியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் உரையை மாங்கனியில் தொடங்காமல், ‘இடர்’ என்னும் அச்சொல்லிலேயே தொடங்குகிறேன்.