செயின் மெயில் கவசம் போட்டும் முழு அடியும் விழுகிறதே, ஏன்?

கேள்வி
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். என்னுடைய பாத்திரம் ஃபைட்டர், அதாவது போர்வீரன். செயின் மெயிலுக்கு 16, கேடயத்துக்கு 2, ஆக ஆர்மர் கிளாஸ் (என்னை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 18. கோப்ளின் என்ற குட்டி அரக்கன் அடித்தால் ஒன்று முழுசாகத் தப்பிக்கிறேன், இல்லையென்றால் முழு டேமேஜும் வாங்குகிறேன். இத்தனை இரும்பைச் சுமப்பவனுக்கு அடி கொஞ்சமாவது குறைய வேண்டாமா? பேசாமல் கேடயத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடிக்கும் கிரேட்சோர்டு எடுக்கலாமா?

பதில் 1
கேடயத்தை விடாதீர்கள். இந்த ஆட்டத்தில் விலகித் தப்புவதும், கத்தி இரும்பில் பட்டு வழுக்கிப் போவதும் ஆர்மர் கிளாஸ் என்ற ஒரே எண்ணுக்குள் இருக்கின்றன. லெதர் கவசம் போட்ட ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) அதன் 11-உடன் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 4-ஐக் கூட்டி 15-க்கு வருவார். நீங்கள் அசையாமல் நின்றே 16. உங்கள் இரும்பு ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது கணக்கு. கோப்ளின் அடிக்கும்போது இருபது முகப் பகடையில் விழுவதோடு 4 கூட்டுவார்கள். உங்கள் 18-க்குச் சமமாக வந்தாலே அடி விழும், அதற்குப் பகடையில் 14 வேண்டும். அதாவது இருபதில் ஏழு வாய்ப்பு. கேடயம் இல்லாவிட்டால் ஒன்பது. ஆர்மர் கிளாஸ் 12 உள்ளவர் இதே கேடயத்தை எடுத்தால் பதிமூன்று பதினொன்றாகும், அவ்வளவுதான். ஒன்பது ஏழாவது விகிதத்தில் அதைவிடப் பெரிய லாபம். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு கூடுகிறது. எனக்கு இந்த விதிகளில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

டூயலிங் ஸ்டைல் (ஒரு கை ஆயுதத்தின் டேமேஜுக்கு 2 கூட்டும் திறன்) எடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் லாங்சோர்டின் சராசரி டேமேஜ் 4.5-உடன் 2 சேர்ந்து 6.5. கிரேட்சோர்டுக்கு 7. அரைப் புள்ளிக்காகவா கேடயத்தை விடுவது?

பதில் 2
அடி குறையத்தான் வேண்டும் என்றால் கர்ப்ஸ் என்ற வேறொரு ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். அதில் முதலில் விலகவோ தடுக்கவோ தனியாகப் பகடை உருட்ட வேண்டும், அதையும் மீறி விழுந்த அடியில் கவசம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். நன்றாக இருக்கும், ஆனால் சண்டை நீளும். நான் டன்ஜன்ஸ் இரண்டாம் பதிப்பில் ஆரம்பித்தவன். அப்போது ஆர்மர் கிளாஸ் எண் குறையக் குறைய நல்லது, உங்கள் செயின் மெயிலும் கேடயமும் சேர்ந்தால் 4. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்துதான் அதைத் திருப்பிப் போட்டார்கள்.

கேட்டவர்
டூயலிங்தான் எடுத்திருக்கிறேன். சரி, கேடயம் இருக்கட்டும். ஃபயர்பால் மந்திரம் வந்தால் இந்த 18 உதவுமா?

பதில் 1
உதவாது. அதற்கு டெக்ஸ்டெரிட்டி சேவ் (சுறுசுறுப்பை வைத்துத் தப்பப் போடும் பகடை), ஆர்மர் கிளாஸைப் பார்க்கவே மாட்டார்கள். எதிரே மந்திரவாதி தெரிந்தால் உங்கள் ஆட்களோடு ஒட்டி நிற்காதீர்கள், இருபதடி ஆரத்துக்குள் எல்லோரும் மாட்டுவீர்கள்.