சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) நன்றாக இருந்தும் மூச்சு கைவிட்ட கேஸ்கள்: உங்கள் அனுபவம்?

டியூட்டி டாக்டர், அரசு மருத்துவமனை:

விடிகாலை 5 மணி, கேஷுவாலிட்டி. 19 வயதுப் பையன், வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. வழியில் ஒரு கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். சாச்சுரேஷன் 98. நானும் அப்படியே நினைத்திருப்பேன். என்னைப் பார்க்க அவன் தலையை அண்ணாந்ததுதான் உறுத்தியது. இமையைத் தூக்க முடியாதவன்தான் மோவாயை உயர்த்திப் பார்ப்பான்.

"ராத்திரி எங்கே படுத்தாய்?"

"களத்துல, தரையிலதான் சார்." குரல் மூக்கால் வந்தது.

கட்டுவிரியன். உடம்பில் தடமே இல்லை. அது கடித்தால் பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. பாம்பு விஷ முறிவு மருந்து 10 குப்பி ஏற்றிக்கொண்டே, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன். நன்றாக இருப்பவர் 30ஐத் தாண்டிவிடுவார். இவன் 22. அரை மணி கழித்து 11. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. அப்போதும் மானிட்டரில் 96! மாஸ்க்கில் ஆக்சிஜன் போகும்போது எண் எப்படி உடனே விழும்? ஏறிக்கொண்டிருந்தது கார்பன் டை ஆக்சைடு. அதை விரலில் மாட்டும் கிளிப் அளக்காது.

மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டாயிற்று, வென்டிலேட்டர் காலியில்லை. இரண்டு மணி நேரம் அவன் தாய்மாமன்தான் ஆம்பு பேக் (கையால் காற்று செலுத்தும் பை) அமுக்கினார். பதற்றத்தில் படபடவென்று அமுக்கியவரை நிறுத்தி, "அமுக்கி விடுங்க, அஞ்சு எண்ணுங்க, மறுபடி அமுக்குங்க" என்று நர்ஸ் கூடவே நின்று பழக்கினார். நரம்பு முனையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை மருந்து சரிசெய்யாது. அது தானாகத் தேறும்வரை மூச்சை நாம்தான் விட வேண்டும்.

மறுநாள் விரல்கூட அசையவில்லை, கண்பாவை விரிந்து கிடந்தது. மூளை போய்விட்டது, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று உறவினர்கள் கட்டிலருகிலேயே பேசினார்கள். கட்டுவிரியன் கேஸில் வெளியே பிணம்போல் கிடப்பவருக்கு உள்ளே நினைவு இருக்கலாம். ஆறாம் நாள் ட்யூப் எடுத்ததும் மாமனைப் பார்த்து அவன் சொன்னது: "நீ நடுவுல தப்பா எண்ணுன மாமா." எனக்கு வெட்கமாகிவிட்டது. மயக்க மருந்தை இன்னும் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும்.

ஸ்டாஃப் நர்ஸ்:

எங்களுடையது இதற்கு நேரெதிர், சார். ஆக்சிஜனே வினையான கேஸ். பல வருஷம் பீடி குடித்த பெரியவர், சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). மூச்சுத் திணறலோடு வந்தார். யாரோ மாஸ்க்கில் 15 லிட்டர் திறந்துவிட்டார்கள். சாச்சுரேஷன் 100, எல்லாருக்கும் நிம்மதி. "ராத்திரி பூரா தூங்கலை, இப்பதான் கண் அசந்தார்" என்றார் மகள். தட்டி எழுப்பினால் எழவில்லை. கை சூடாக இருந்தது. ஏபிஜியில் (ரத்த வாயுப் பரிசோதனை) பிஹெச் 7.19, கார்பன் டை ஆக்சைடு 94, இரண்டுமே ஆபத்தான அளவு. பைபேப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு மூச்சு கொடுக்கும் கருவி) போட்டு, ஆக்சிஜனைக் குறைத்து, சாச்சுரேஷனை 88க்கும் 92க்கும் நடுவில் வைத்தோம். மகன் சண்டைக்கு வந்துவிட்டார்: "100 இருந்ததை ஏன் 90 ஆக்கினீங்க?" அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே அரை மணி நேரம் மாஸ்க்கைக் கையால் பிடித்திருந்தேன். பல்செட்டைக் கழற்றியிருந்ததால் கன்னம் ஒட்டிப்போய், ஓரமெல்லாம் காற்று ஒழுகியது. திரும்ப மாட்டிவிட்ட பிறகுதான் மாஸ்க் படிந்தது. சாயங்காலம் காபி கேட்டார்.

108 ஊழியர்:

என்னுடையது சின்னது. ஆஸ்துமா, 12 வயதுப் பெண். வண்டியில் ஏற்றும்போது இழுப்புச் சத்தம் வெளியிலேயே கேட்டது. பாதி வழியில் நின்றுவிட்டது. "மருந்து கேட்டுடுச்சு தம்பி" என்றார் அம்மா. ஸ்டெத் வைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை. காற்றே உள்ளே போகவில்லை. நெபுலைசரை நிறுத்தாமல், ட்யூப் தயாராக வைக்கும்படி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மேம்பாலம் இறங்கும்போது மறுபடி இழுக்க ஆரம்பித்தாள். அம்மா அழத் தொடங்கினார், எனக்குப் போன உயிர் வந்தது.