'அட்டாச் ரேட்' – தமிழில் என்ன எழுதலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நிகழ்பட விளையாட்டுத் துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோருக்காக ஒரு சொற்பட்டியல் தொகுத்து வருகிறேன். ஒரே கன்சோலில் (விளையாட்டுக் கருவியில்) மட்டும் வரும் விளையாட்டின் அடுத்த பாகம் முதல் சில நாட்களிலேயே விற்றுத் தள்ளுவது ஏன் என்று ஒரு கட்டுரையும் கூடவே எழுதுகிறேன். நான்கு சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்: எக்ஸ்க்ளூசிவ் (ஒரே கன்சோலில் மட்டும் வரும் விளையாட்டு), லான்ச் சேல்ஸ் (வெளியான முதல் சில நாட்களின் விற்பனை), இன்ஸ்டால் பேஸ் (விற்றுப்போன கன்சோல்களின் மொத்த எண்ணிக்கை), அட்டாச் ரேட் (கன்சோல் வாங்கியவர்கள் விளையாட்டையும் வாங்கும் அளவு). கடைசிச் சொல்லுக்கு 'இணைப்பு விகிதம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, இணைய வேகத்தைப் பற்றிய கட்டுரையா என்று கேட்டாள். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

———

மறு: 'அட்டாச் ரேட்' – தமிழில் என்ன எழுதலாம்?

> 'இணைப்பு விகிதம்' என்று எழுதினேன்

தோழி கேட்டது சரிதான். இணைப்பு என்றால் இன்று மின்சாரம், இணையம், மடலோடு வரும் கோப்பு. 'ஒட்டு விகிதம்' என்று எழுதினாலோ, பாதிப் பேர் அதை 'ஓட்டு' என்று படித்துத் தேர்தல் முடிவைத் தேடுவார்கள்.

எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். எக்ஸ்க்ளூசிவுக்கு நாளிதழ்கள் 'பிரத்யேக' என்று எழுதுகின்றன. சிலர் 'தனித்துவமான' என்றும் எழுதிவிடுகிறார்கள். தனித்துவம் விளையாட்டின் குணம். இங்கே நாம் பேசுவது விளையாட்டின் குணத்தை அல்ல, அதன் காலில் பூட்டிய விலங்கை. 'ஒருதள விளையாட்டு' என்றும் எழுதிப் பார்த்தேன், மாடி இல்லாத வீடு நினைவுக்கு வருகிறது. நம் கணினித் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்ற சொல் வேரூன்றிவிட்டது. கட்டற்றது இருக்கும்போது கட்டுள்ளதும் இருக்கட்டுமே. ஒரு கருவியோடு கட்டிப்போடப்பட்ட விளையாட்டு 'கருவிக்கட்டு விளையாட்டு'. சில மாதங்களுக்கு மட்டும் கட்டிவைத்துப் பிறகு அவிழ்த்துவிடும் வகைக்குத் 'தவணைக்கட்டு' என்று எழுதலாமா என்று யோசித்தேன். கடன்காரர் வாசலில் நிற்பதுபோல் இருந்தது, விட்டுவிட்டேன். 'சிலகாலக் கருவிக்கட்டு' என்று நீட்டி எழுதினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இன்ஸ்டால் பேஸை 'நிறுவல் தளம்' ஆக்க வேண்டாம். எங்கே எதை நிறுவினார்கள், சிலையையா? மக்கள்தொகை என்ற சொல் நம் கையில் இருக்கிறது. அதே வார்ப்பில் 'கருவித்தொகை'. விற்றுப்போன கன்சோல்கள் மொத்தம் எத்தனை என்பதுதானே கேள்வி.

லான்ச் சேல்ஸுக்கு 'வெளியீட்டு விற்பனை' தப்பில்லை, ஆனால் எத்தனை நாள் என்ற உணர்வு அதில் இல்லை. தலைப்பிள்ளை, தலைமகன் என்பதில் வரும் 'தலை' முதலாவது என்ற பொருள் தருகிறது. 'தலைநாள்' பழைய சொல். எத்தனை நாள் தொடர்ந்து போனாலும் அதியமான் தலைநாளில் காட்டிய அதே விருப்பத்தோடு வரவேற்றான் என்று ஔவையார் புறநானூற்றின் 101ஆம் பாட்டில் சொல்கிறார். இந்தத் துறையில் நிலைமை நேர் எதிர். வாங்குவோரின் விருப்பம் பெரும்பாலும் தலைநாளில்தான் உச்சம், பிறகு சரிவு. அதனாலேயே இந்தச் சொல் இங்கே பொருந்துகிறது: 'தலைநாள் விற்பனை'. வாரக் கணக்கைச் சொல்லத் 'தலைவார விற்பனை' என்று எழுதிவிடாதீர்கள், சீப்பு விற்பதாக நினைப்பார்கள்.

இனி அட்டாச் ரேட். துறையில் இதை இரண்டு பொருளில் சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு கன்சோல் வாங்கியவர் சராசரியாக எத்தனை விளையாட்டுகள் வாங்கினார் என்பது ஒன்று. கன்சோல் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்த ஒரு விளையாட்டை வாங்கினார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைக் 'கருவிச் சராசரி' என்று தனியே பிரித்துவிடலாம். இரண்டாவதற்கு 'உடன்கொள் விகிதம்' என்று முன்மொழிகிறேன். கருவியோடு சேர்த்துக் கொள்வது என்று பொருள்.

சொல்லைத் தேய்த்துப் பார்க்கச் சில கணக்குகள். 2018இல் சோனியின் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு வந்த ஸ்பைடர்மேன் மூன்று நாளில் 33 இலட்சம் படிகள் விற்றது. அன்றைய கருவித்தொகை 8 கோடியைத் தாண்டியிருந்தது. நூற்றுக்கு நான்கு. 2023 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்த அதன் இரண்டாம் பாகம் ஒரே நாளில் 25 இலட்சம் விற்றது. கருவித்தொகையோ 4.6 கோடியை ஒட்டி இருந்தது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல், அதுவும் 24 மணி நேரத்தில். கடை சிறிதானாலும் வியாபாரம் பெருகியிருக்கிறது. இரண்டாம் பாகம் என்பதால் மட்டும் அல்ல. கன்சோலை முந்திக்கொண்டு வாங்குபவர்கள் ஆட்டத்தில் ஊறியவர்கள். பிற்காலத்தில் வந்து சேர்பவர்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாங்குபவர்கள். கருவித்தொகை பெருகப் பெருக உடன்கொள் விகிதம் தானே இளைக்கும். ஒரு கன்சோலின் இளமையில் கிடைத்த விகிதத்தை அதன் முதுமையில் கிடைத்ததோடு ஒப்பிட்டு, விளையாட்டின் தரம் குறைந்துவிட்டது என்று எழுதும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கை அரிக்கிறது.

நூறைத் தாண்டிய கதையும் உண்டு. 2017 மார்ச்சில் ஸ்விட்ச் கன்சோல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அந்த மாதம் விற்ற கன்சோல்கள் 9,06,000. அதற்கான செல்டா விளையாட்டு விற்றது 9,25,000. ஆளில்லாத ஆட்டமா? பத்திரப்படுத்த ஒரு சிறப்புப் பதிப்பு, ஆட ஒன்று என்று இரண்டாக வாங்கியவர்கள் காரணமாக இருக்கலாம் என்று ஸ்விட்ச்சைத் தயாரித்த நின்டெண்டோ சொன்னது.

ஆனால் என் மனத்தில் உள்ள சொல் இவை எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்து பெயரில்லாத ஒன்றுக்கு நாம் பெயர் வைக்க வேண்டும் என்கிறேன். அடுத்த பாகத்தின் தலைநாள் விற்பனையைக் கருவித்தொகையால் வகுப்பது பாதிக் கணக்குதான். வகுக்க வேண்டியது முந்தைய பாகத்தை வாங்கியவர்களின் எண்ணிக்கையால். 2023 மே மாதம் வந்த செல்டாவின் அடுத்த பாகம் மூன்று நாளில் ஒரு கோடி படிகள் விற்றது. கருவித்தொகை 12.5 கோடி, ஆகவே நூற்றுக்கு எட்டு. முந்தைய பாகம் அதுவரை ஸ்விட்ச்சில் விற்றது ஏறத்தாழ 3 கோடி. அதை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு முப்பத்து மூன்று. எட்டு என்பது கூட்டத்தைச் சொல்கிறது, முப்பத்து மூன்று நம்பிக்கையைச் சொல்கிறது. இந்த இரண்டாவது எண்ணுக்கு 'மறுவரவு விகிதம்' என்று பெயர் வைக்கலாமா? முதல் பாகத்தை முடித்தவர் ஆறு ஆண்டுக்குப் பிறகும் முதல் நாளிலேயே திரும்பி வந்தாரா என்பதே அதன் பொருள்.

அந்தத் திரும்பிவருகை கட்டு மாறினால் என்னவாகிறது என்றும் பாருங்கள். பயோனெட்டா என்ற விளையாட்டு முதலில் பிளேஸ்டேஷன் 3இலும் எக்ஸ்பாக்ஸ் 360இலும் வந்தது. 2014இல் இரண்டாம் பாகம் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்கு மட்டும் என்றானது. வீ யூவின் வாழ்நாள் கருவித்தொகையே 1.36 கோடிதான். முதல் பாகத்தை நேசித்தவர்கள் ஒரு கரையில், இரண்டாம் பாகம் மறுகரையில், நடுவே ஒரு கன்சோலின் விலை. ஃபைனல் ஃபேன்டசி ஏழின் மறுஆக்கத்திலும் இதன் சாயல் உண்டு. முதல் பகுதி 2020இல் பிளேஸ்டேஷன் 4இல் மூன்று நாளில் 35 இலட்சம் போனது. அடுத்த பகுதி 2024 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5க்கு மட்டும் வந்தது. அந்த மே மாதமே அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் பல கருவிகளுக்கும் வெளியிடும் வழிக்குத் திரும்புவதாகத் தன் மூன்றாண்டுத் திட்டத்தில் சொல்லிவிட்டது. இதற்கு எதிரான வழியில் போனது காட் ஆஃப் வார் ரக்னராக். 2022 நவம்பரில் பழைய கன்சோல், புதிய கன்சோல் இரண்டிலும் வந்து முதல் வாரத்தில் 51 இலட்சம் விற்றது. யாரையும் கரையில் நிறுத்தவில்லை.

விளம்பரம், முன்பதிவு, விமர்சகர் மதிப்பெண் எல்லாம் உண்டுதான். அவை திரும்பி வரத் தயாராக இருப்பவரை 'இன்றைக்கே' என்று தள்ளுகின்றன, அவ்வளவே. கதை விளையாட்டுகளில் இன்னொரு தள்ளுவிசை, முடிவை யாராவது முன்கூட்டிச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தின் காட்சிகள் 2020 ஏப்ரல் கடைசியில் கசிந்தன. ஜூனில் வெளிவந்தபோது மூன்று நாளில் 40 இலட்சத்துக்கு மேல் விற்றது. கசிவு கெடுத்ததா, உசுப்பியதா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். பலர் கூடி ஆடும் ஸ்பிளட்டூன் போன்றவற்றில் பயம் வேறு: நண்பர்கள் எல்லாம் போய்விட்டார்கள், நாம் மட்டும் வெளியே. அதன் மூன்றாம் பாகம் 2022இல் ஜப்பானில் மட்டும் மூன்று நாளில் 34.5 இலட்சம் போனது.

———

மறு: மறு: 'அட்டாச் ரேட்' – தமிழில் என்ன எழுதலாம்?

தம்பிக்கும் தொகுப்பாளர் அம்மாவுக்கும் வணக்கம்.

நான் விளையாட்டு ஆடுபவன் அல்லன். முப்பது ஆண்டு மெய்ப்புத் திருத்தியவன், சொல்லை மட்டும் பார்க்கிறேன். கருவிக்கட்டும் கருவித்தொகையும் நல்ல வார்ப்பு. தலைநாளும் சரி.

'உடன்கொள்' எனக்கு ஒப்பவில்லை. உடன் என்றால் 'சேர்த்து' மட்டும் அன்று, 'உடனே' என்றும் ஆகும். 2017இல் கன்சோல் வாங்கி 2023இல் விளையாட்டு வாங்கியவர் சேர்த்தும் வாங்கவில்லை, உடனேயும் வாங்கவில்லை. தம்பி தம் மடலில் ஒவ்வொரு கணக்கையும் 'நூற்றுக்கு இத்தனை' என்றுதான் முடித்திருக்கிறார். வாய் தானாகச் சொல்வதை விட்டுவிட்டுக் கை எதற்கு வேறு சொல்லைத் தேட வேண்டும்? நூற்றுக்கு இத்தனை என்பது விழுக்காடு. 'கொள்விழுக்காடு' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மறுவரவு விகிதம்' அழகான சொல், அதனாலேயே ஆபத்தானது. மூன்று கோடி, ஒரு கோடி என்று இரண்டு எண்கள் உம்மிடம் இருக்கின்றன. அந்த ஒரு கோடிப் பேரும் பழைய மூன்று கோடியிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு என்ன சாட்சி? புதிதாக வந்தவர்களும் அதில் இருப்பார்களே. என் பேரனிடம் கேட்டேன். த லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகத்தின் மெருகூட்டிய பதிப்பு 2019 அக்டோபரில் பிளேஸ்டேஷன் சந்தாதாரர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றியே கிடைத்ததாம். வாங்காமலே ஆடியவர்கள், கைமாறிய விளையாட்டுத் தட்டில் ஆடியவர்கள், இவர்களெல்லாம் வந்தால் அது மறுவரவா, முதல் வரவா? சொல் தன்னிடம் இல்லாத சாட்சியைச் சொல்லக்கூடாது.

இன்னொன்று. கடைக்கு அனுப்பியதையும் வாங்குவோர் கையில் சேர்ந்ததையும் செய்திகளில் ஒன்றாகவே 'விற்பனை' என்று எழுதுகிறார்கள். பதிப்புத் தொழிலில் நாங்கள் பட்ட பாடு இதுதான். கடைக்குப் போன ஆயிரத்தில் எழுநூறு திரும்பி வரும். அதற்கும் சொல் வேண்டும்.

———

மறு: மறு: மறு: 'அட்டாச் ரேட்' – தமிழில் என்ன எழுதலாம்?

> சொல் தன்னிடம் இல்லாத சாட்சியைச் சொல்லக்கூடாது

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். 'கொள்விழுக்காடு' என்னுடையதைவிட நல்ல சொல், எடுத்துக்கொள்வோம்.

மறுவரவை முழுவதும் விட மனம் வரவில்லை. நிறுவனங்களிடம் ஒவ்வொரு கணக்கின் வரலாறும் இருக்கிறது. எவர் முதல் பாகத்தை முடித்தார், எவர் பாதியில் விட்டார் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். அந்த உள்கணக்குக்கு 'மறுவரவு விகிதம்' என்ற பெயர் இருக்கட்டும். வெளியே நிற்கும் நாம் இரண்டு மொத்த எண்களை வகுத்துப் பெறுவதை 'பாக ஒப்பு' என்று அடக்கமாகச் சொல்வோம். காட் ஆஃப் வார் 2018 பாகம் 2.3 கோடி, அடுத்ததன் முதல் வாரம் 51 இலட்சம். பாக ஒப்பு நூற்றுக்கு 22. செல்டாவின் 33ஐ இதற்குப் பக்கத்தில் வைத்தால் வியப்பு வரும். ஆனால் ஒன்று மூன்று நாள் கணக்கு, மற்றது ஒரு வாரக் கணக்கு. காட் ஆஃப் வார் 2022 ஜனவரியில் கணினிக்கும் வந்துவிட்டது. அங்கே ஆடியவர் கன்சோல் இல்லாமல் கருவிக்கட்டின் தலைநாளில் வர வழியில்லை. ஆகவே நாள் எண்ணிக்கையைச் சொல்லாமல் பாக ஒப்பை எழுதக்கூடாது என்று பட்டியலில் ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டும்.

கடைக்குப் போனது 'கடைசேர் விற்பனை', வாங்குவோர் கைக்குப் போனது 'கைசேர் விற்பனை'. ஃபைனல் ஃபேன்டசி பதினாறு 2023 ஜூனில் முதல் வாரத்தில் 30 இலட்சம் என்று அறிவித்தது, கடைக்கு அனுப்பிய தட்டுகளையும் இணையத்தில் விற்ற பதிவிறக்கங்களையும் சேர்த்த எண். அதாவது ஒரு பகுதி கடைசேர், மறுபகுதி கைசேர். அதைப் பக்கத்து விளையாட்டின் கைசேர் எண்ணோடு மோதவிடுவது நியாயமில்லை.

———

மறு: மறு: மறு: மறு: 'அட்டாச் ரேட்' – தமிழில் என்ன எழுதலாம்?

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. கருவிக்கட்டு, கருவித்தொகை, தலைநாள் விற்பனை, கொள்விழுக்காடு, கருவிச் சராசரி, பாக ஒப்பு, கடைசேர், கைசேர் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். மறுவரவு விகிதத்துக்கு எதிரில் 'நிறுவன உள்கணக்கு மட்டும்' என்று குறித்திருக்கிறேன்.

கன்சோலையும் விளையாட்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்கும் 'பண்டில்' மட்டும் காலியாக இருக்கிறது. தலைநாள் விற்பனையில் அதையும் சேர்த்தே எண்ணுகிறார்கள், ஆகவே விட முடியாது. யாராவது சொல்லுங்கள். 'உடன்கட்டு' என்று ஏற்கெனவே ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். தீயில் இறங்கச் சொல்வதுபோல் இருக்கிறது, அது வேண்டாம்.